கிண்ணம் உடைந்தால் ஒரு வாழ்த்து



2026-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17 அன்று பிறக்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டுப் போன கோடிக்கணக்கானோர், முந்தின இரவு விருந்துக்குள் பெற்றோர் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று ரயிலேறுவார்கள். யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்ட திருநாள் இது.

அந்த நன்னாளில் வீட்டுக் குழந்தை ஒன்று கிண்ணத்தைக் கீழே போட்டு உடைத்துவிட்டது என்று வையுங்கள். நல்ல நாளில் பாத்திரம் உடைவது அபசகுனம். ஆனால் யாரும் அதட்டுவதில்லை. பெரியவர் ஒருவர் சட்டென்று, “ஸுவெய் ஸுவெய் பிங் ஆன்” என்பார். ‘ஆண்டுதோறும் நலமாக இருப்போம்’ என்று பொருள். உடைவதற்கும் ஆண்டுக்கும் அங்கே ஒரே ஒலி. முகம் வாடி நிற்கும் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும். எனக்கு மிகவும் பிடித்த சீன வழக்கம் இதுதான்.

தொனி வேறுபாட்டை விட்டுவிட்டால், சீனப் பொதுமொழியான மாண்டரினில் ஏறத்தாழ 400 அசைகள்தாம். ஒரே ஒலி பல பொருள்களைச் சுமக்க வேண்டியிருக்கிறது. பல நம்பிக்கைகள் அங்கிருந்தே கிளைத்தவை. மீனுக்கும் மிச்சத்துக்கும் ‘யூ’ என்பதே ஒலி. அதனால் புத்தாண்டு விருந்தில் முழு மீன் வைத்து, வரும் ஆண்டுக்கும் வளம் மிஞ்சட்டும் என்று கொஞ்சம் மீதி விடுவார்கள். நான்கு என்ற எண் சாவை நினைவூட்டுவதால் எத்தனையோ கட்டடங்களில் நான்காம் மாடியே கிடையாது. கடிகாரத்தைப் பரிசளிப்பது, இறுதிக் கடன் செய்வதுபோல ஒலிக்கும். 2015-இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவர் இதை அறியாமல் தைபே மேயருக்குக் கடிகாரம் கொடுத்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. கலாசாரப் புரட்சிக் காலத்தில், 1967-இல், சீன அரசே இந்தப் பண்டிகை விடுமுறையை ரத்து செய்தது. அது திரும்பி வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நான்காம் மாடி இருந்தால் கெடுதல் வரும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் கடிகாரம் தரக்கூடாது என்று ஒருவர் தயங்கும்போது, வாங்குகிறவர் மனம் நோகக்கூடாது என்ற அக்கறைதான் எனக்குத் தெரிகிறது. அதை நான் மதிக்கிறேன்.

சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு இதெல்லாம் அடுத்த வீட்டுச் செய்தி. சிவப்பு உறையில் ‘அங் பாவ்’ என்னும் அன்பளிப்புப் பணம் வாங்கி, ஜோடி ஆரஞ்சுப் பழம் கொடுத்து வளர்ந்தவர்கள் நீங்கள். உங்கள் சீன அண்டை வீட்டார் சொல்லும் வாழ்த்துகளையும், அவர்கள் தவிர்க்கும் சொற்களையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். புத்தாண்டை ஒட்டி வரும் இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்