பைத்தான் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?



ஜூன் மாதம் பிறந்தாலே நம் பிளஸ் டூ கணினி அறிவியல் வகுப்பில் ஒரே பேச்சுதான். "பைத்தானுக்கு எந்த புக்குடா வாங்கலாம்?" உடனே மூன்று பதில்கள் வரும். "கைடு போதும்டா, மார்க் வந்துடும்" என்பான் ஒருவன். "குண்டு புக்கா வாங்கு, அதுல எல்லாமே இருக்கும்" என்பாள் இன்னொருத்தி. "எங்க அண்ணன் இன்ஜினியரிங் படிச்ச புக்கு வீட்டுல சும்மா கிடக்கு, தரேன்" என்பான் மூன்றாமவன். இந்த மூன்றுமே யோசிக்காமல் சொல்லும் பதில்கள் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் அண்ணன் புத்தகம். தமிழ் இலக்கணத்துக்குப் பழைய புத்தகம் இருந்தால் நல்லதுதான். ஆனால் புரோகிராம் மொழிக்கு வயது உண்டு! நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ புத்தகம் பைத்தானுக்கு மாறியதே 2019-ல்தான். அதற்கு முன் சி பிளஸ் பிளஸ். அந்தக் காலத்துப் புத்தகங்கள் பலவும் டர்போ சி பிளஸ் பிளஸ் என்ற நீலத்திரை மென்பொருளுக்காக எழுதப்பட்டவை. அதில் முதல் வரியில் வரும் ஹெடர் பெயருக்குப் பின்னால் 'புள்ளி எச்' என்று ஒரு வால் இருக்கும். 1998-ல் அந்த மொழிக்கு உலகத்தரம் வகுத்தபோது அந்த வாலை நறுக்கிவிட்டார்கள். இன்றைய கம்பைலரில் அதை அப்படியே அடித்தால் முதல் வரியிலேயே எரர்!

பைத்தானுக்கும் இதே கதைதான். மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு நின்றுபோனது. லஸ் பக்கமோ தி.நகரிலோ பழைய புத்தகம் பார்த்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். முதல் புரோகிராமில் 'பிரின்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இருக்கிறதா? இல்லையென்றால் அது இரண்டாம் பதிப்புக்கான புத்தகம். பாதி விலை என்றாலும் வேண்டாம்.

அடுத்து குண்டு புத்தகம். சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து 1978-ல் அந்த மொழிக்கு ஒரு புத்தகம் எழுதினார்கள். முதல் புரோகிராமில் 'ஹலோ வேர்ல்டு' என்று அச்சிடும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் புத்தகத்தால்தான். 1988-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்புகூட 300 பக்கத்தைத் தாண்டவில்லை. எடை பார்த்து வாங்க இது என்ன கத்திரிக்காயா?

இப்போது கைடு. ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கைடு விலை குறைவு, எழுத்துத் தேர்வுக்குக் கைகொடுக்கும். ஆனால் அதில் புரோகிராமும் இருக்கும், அவுட்புட்டும் பக்கத்திலேயே அச்சாகி இருக்கும். நாம் ஓட்டிப் பார்க்கவே தேவையில்லை! பிராக்டிகல் அன்று ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனாலோ, வரி உள்ளே தள்ளி ஆரம்பிக்க மறந்தாலோ, திரையில் வரும் எரர் என்ன சொல்கிறது என்றே தெரியாமல் விழிக்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பாட்டி சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பொறியியல் கவுன்சலிங் கட்-ஆஃப் போடுவது கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை வைத்து. அதற்குக் கூட்டுவதில் நம் கணினி அறிவியல் மார்க் வராது. அப்படியென்றால் இந்தப் பாடத்தில் நமக்கு மிஞ்சப்போவது என்ன? நாம் கற்றுக்கொள்வது மட்டும்தானே! அதையும் மனப்பாடம் செய்து விட்டுவிட்டால் இரண்டு வருஷம் வீண்.

சரி, எதைத்தான் வாங்குவது? முதலில் ஒன்றும் வாங்காதீர்கள்! கையில் இருக்கும் அரசுப் பாடநூலை முழுசாகப் படியுங்கள். தமிழ்வழிப் புத்தகமும் ஆங்கிலவழிப் புத்தகமும் இணையத்தில் இலவசம். புரியாத பாடத்தை இரண்டிலும் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். அதற்கு மேல் ஒரு புத்தகம் வேண்டுமென்றால் மூன்று விஷயம் பாருங்கள்.

1. லூப் பற்றிய பாடத்தில் 'எப்படி' மட்டுமல்ல, 'ஏன்' என்றும் சொல்கிறதா?
2. விடை அச்சிடாத பயிற்சிகள் இருக்கின்றனவா?
3. தப்பான புரோகிராமைக் காட்டி, அதைத் திருத்தக் கற்றுத்தருகிறதா?

ஆலன் டௌனி எழுதிய 'திங்க் பைத்தான்' இந்த மூன்றிலும் தேறும். பிழை திருத்துவதைப் பாடத்துக்குப் பாடம் சொல்லித்தருகிறது, இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். அச்சுப் புத்தகங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமா? திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் கோட்டூர்புரம். அங்கே 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நாலைந்து புத்தகங்களில் ஒரே பாடத்தைப் படித்துப் பாருங்கள். எது புரிகிறதோ அதுதான் உங்கள் புத்தகம். பக்கத்து பெஞ்சுக்காரனுக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியணும் என்று சட்டமில்லை.

கடைசியாக நம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எவ்வளவு நல்ல புத்தகமானாலும் கம்ப்யூட்டர் முன்னால் விரித்து வைத்தால்தான் பயன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத மாணவர்கள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் கைடை நம்புவது சோம்பலால் அல்ல, ஓட்டிப் பார்க்க வழியில்லாததால். நல்ல புத்தகம் இரண்டு பிரதி வாங்கி, நூலக பீரோவில் பூட்டாமல் லேப் மேஜையிலேயே வையுங்கள். பள்ளி விட்ட பிறகு வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் லேபைத் திறந்துவிடுங்கள். சாவி பொறுப்பை முறைபோட்டு நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

என்ன நண்பர்களே, சரிதானே? மறுத்துச் சொல்ல விரும்புபவர்கள் அடுத்த இதழுக்கு எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

— பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவி