இலைச்சாறும் வெள்ளி நைட்ரேட்டும்

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் உயிரியல், வேதியியல் துறைகளின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு தலைப்பு அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும். ஏதோ ஒரு செடியின் இலைச்சாறு, அதைக் கொண்டு தயாரித்த வெள்ளி நானோ துகள், அத்துகளின் கிருமிக்கொல்லித் திறன். வேம்பு, துளசி, நொச்சி, ஆடாதோடை என்று செடி மட்டும் மாறும். செய்முறை ஒன்றுதான். இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால் இளமஞ்சள் பழுப்பாகும். நிறமாலைமானியில் 420 நானோமீட்டரை ஒட்டி ஒரு முகடு எழும். பாக்டீரியா பரப்பிய தட்டில் ஒரு சொட்டு வைத்தால் அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். கட்டுரை தயார். வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது புதிய செய்தியா? பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடும் வழக்கம் 1880களிலேயே ஐரோப்பிய மருத்துவத்தில் வந்துவிட்டது.

இதைச் சொல்லி ஆய்வு மாணவர்களைக் கேலி செய்வது சுலபம். பலரும் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனைக்கு என்னென்ன தேவை என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். வளாகத்திலேயே கிடைக்கும் இலை, ஒரு புட்டி வெள்ளி நைட்ரேட், ஓர் அடுப்பு, பழைய நிறமாலைமானி, சில பெட்ரி தட்டுகள். மின்னணு நுண்ணோக்கிப் படத்தை வெளியே காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் நான்கு மணி நேரம் போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அதே துறையில் அடுத்த மேசையில் இருப்பவர் இலவச மென்பொருளில் மருந்து மூலக்கூறைப் புரதத்தில் பொருத்திப் பார்க்கும் ‘டாக்கிங்’ செய்துகொண்டிருப்பார். அதற்கு மடிக்கணினி போதும். கேள்வியை மாணவரும் தேர்ந்தெடுக்கவில்லை, நெறியாளரும் தேர்ந்தெடுக்கவில்லை. கையில் காசில்லாத ஆய்வகம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நின்றுபோய்விட்டது என்பது உண்மையல்ல. கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நடந்திருப்பது அதைவிட மோசம்: கேட்கத் தகுந்த கேள்விகள் சத்தமில்லாமல் கைவிடப்பட்டு, கட்டுப்படியாகும் கேள்விகள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டன. இதற்குப் புதிய கட்டடமோ, இன்னொரு ‘உயராய்வு மைய’த் திறப்பு விழாவோ மருந்தாகாது. ஆய்வகத்தை அன்றாடம் நடத்துகிற செலவை மாநில அரசும் நிதி வழங்கும் மத்திய அமைப்புகளும் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

அன்றாடச் செலவு என்றால் என்ன? புரதத்தை அடையாளம் காணும் ஆன்டிபாடி ஒரு சுண்டுவிரல் அளவுக் குப்பியில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. வழி நெடுகக் குளிரில் இருக்க வேண்டும். சுங்கத்தில் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் அதோடு கதை முடிந்தது. டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் மைனஸ் 20 டிகிரியிலும், திசு மாதிரிகள் மைனஸ் 80 டிகிரியிலும் ஆண்டு முழுவதும் இருந்தாக வேண்டும். உயிரணு வளர்ப்புக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் கன்றுச் சீரமும் தீரத் தீர வாங்க வேண்டும். என்.எம்.ஆர். கருவியின் காந்தம் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கிறது. ஆய்வு நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஹீலியம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உரிய காலத்தில் நிரப்பாவிட்டால் காந்தம் தன் மீகடத்தும் நிலையை இழந்துவிடும், மீட்டெடுப்பது பெருஞ்செலவு. இவற்றில் எதையும் ஒருமுறை வாங்கிப் பூட்டிவைத்துவிட முடியாது.

நம் நிதி ஏற்பாடோ ஒருமுறை வாங்குவதற்காகவே செய்யப்பட்டது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘ஃபிஸ்ட்’ திட்டம் 2000ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகத் துறைகளுக்குக் கருவி வாங்கப் பணம் தந்துவந்திருக்கிறது. அது நல்ல திட்டம், பல துறைகளைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு யார் பணம் கொடுப்பது? துறைத்தலைவர் பதிவாளருக்கு எழுதுவார், பதிவாளர் நிதி அலுவலருக்கு எழுதுவார், கோப்பு சுற்றி வருவதற்குள் கருவியின் மேல் துணி போர்த்தப்பட்டிருக்கும். ஆனையைக் கொடுத்தவன் அங்குசத்துக்குப் பிணங்குவானேன் என்று ஊரில் கேட்பார்களே, அது இங்கே சட்டபூர்வமாக நடக்கிறது.

கருவிக்கு ஆள் இல்லாதது இன்னொரு கதை. ஒரு காலத்தில் பெரிய வேதியியல் துறைகளில் கண்ணாடி ஊதுபவர் என்றே ஒரு பணியிடம் இருந்தது. உடைந்த குடுவையை மாலைக்குள் ஒட்டிக் கொடுப்பார். கடையில் கிடைக்காத வடிவத்தில் குழாய் வேண்டுமென்றால் வரைந்து காட்டினால் போதும். அவரும், கருவி இயக்குநரும், விலங்குக்கூடப் பராமரிப்பாளரும் ஓய்வுபெறும்போது அந்த இடங்கள் நிரப்பப்படாமல் விடப்பட்டன. இப்போது அந்த வேலைகளை ஆய்வு மாணவர் பார்க்கிறார். பட்டம் வாங்கிப் போகும்போது கற்ற கைப்பழக்கத்தையும் கூடவே கொண்டுபோகிறார். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

பாதுகாப்பும் இதே கணக்கில்தான் வரும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2008 டிசம்பரில், காற்றுப்பட்டாலே பற்றிக்கொள்ளும் ஒரு லித்தியம் சேர்மத்தை ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டிருந்த 23 வயது ஆய்வக உதவியாளர் தீப்பிடித்து 18 நாளில் இறந்தார். ஆய்வக அங்கி அவர் அணிந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் மீதும் பேராசிரியர் மீதும் குற்ற வழக்கே தொடரப்பட்டது. பணம் கொழிக்கும் இடத்திலேயே அப்படி என்றால், நச்சுப்புகை வெளியேற்றும் கூண்டின் மின்விசிறி ஓடவில்லை என்பதால் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யும் துறைகளைப் பற்றி என்ன சொல்வது?

பணமில்லாமலும் சாதிக்கலாம் என்று சொல்பவர்கள் உடனே ஜி.என்.ராமச்சந்திரனை இழுப்பார்கள். இழுக்கட்டும், அந்த வரலாறு நம் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் புதிய இயற்பியல் துறையை அமைக்க வந்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். அழைத்தவர் துணைவேந்தர் ஆ.இலட்சுமணசுவாமி முதலியார், பரிந்துரைத்தவர் சி.வி.ராமன். வந்த கையோடு எக்ஸ்-கதிர் ஆய்வகம் அமைந்தது. அங்கே வந்துபோன ஆங்கிலேய அறிவியலாளர் ஜே.டி.பெர்னால், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் வடிவம் இன்னும் தீரவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னதே பொறியாக இருந்தது. கொலாஜன் வேண்டுமென்றால் எங்கும் அலைய வேண்டியதில்லை, பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். கங்காருவின் வால் தசைநாண் வரை அங்கிருந்து கிடைத்தது. 1954இல் கோபிநாத் கர்த்தாவும் அவரும் சேர்ந்து மூன்று இழைகளால் ஆன அமைப்பை ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தார்கள். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட புரத மடிப்புக் கோணங்களின் வரைபடம் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்ற பெயரில் இன்றைக்கும் உலகெங்கும் புதிய புரத அமைப்புகளைச் சரிபார்க்கும் உரைகல்லாக இருக்கிறது.

மேசைக் கணக்கீட்டு எந்திரத்தை வைத்துக்கொண்டு அந்த வரைபடத்தைப் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தத் துறைக்கு ஓடுகிற எக்ஸ்-கதிர் கருவி இருந்தது, முழுநேர ஆட்கள் இருந்தார்கள், எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் உரிமை இருந்தது, பின்னால் நின்ற துணைவேந்தர் இருந்தார். வறுமையில் பூத்த மலர் என்று அதை வருணிப்பது ராமச்சந்திரனுக்கும் நியாயமில்லை, இலட்சுமணசுவாமி முதலியாருக்கும் நியாயமில்லை. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் கடமையைச் செய்ததால் கிடைத்த பலன் அது.

அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. கேட்ட பாக்கி 400 கோடி ரூபாய்க்கும் மேல். அரசிடமிருந்து வரும் பணம் பாதிக்கும் குறைவு என்பதால் அதை அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனமாகக் கருத முடியாது என்பதே வரித்துறையின் வாதம். கணக்குகள் பின்னர் விடுவிக்கப்பட்டன. வாதம் சட்டப்படி நிற்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படி ஒரு வாதத்தை வைக்க இடம் கொடுத்ததே மாநில அரசுக்குத் தலைகுனிவு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் 1980களில் உயிரித்தொழில்நுட்பப் பட்டமேற்படிப்பு நாட்டில் முதன்முதலில் தொடங்கப்பட்ட ஒருசில இடங்களில் ஒன்று. அங்கே அண்மைக் காலத்தில் ஊழியர்கள் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராட வேண்டியிருந்தது. ஓய்வூதியச் சுமையைப் பல்கலைக்கழகங்களின் சொந்த நிதியில் ஏற்றிவிட்டு ஆன்டிபாடி வாங்கப் பணம் எங்கே என்று கேட்பதில் பொருளில்லை.

தில்லி மட்டும் யோக்கியமா? 2020-21இல் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அந்தச் செலவில் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 8.8 விழுக்காடு, மாநில அரசுகளின் பங்கு 6.7 விழுக்காடு. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருட்களுக்கான சுங்க வரியை 10 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடாக ஏற்றினார்கள். அந்தத் தலைப்பில் எரிசாராயத்தைச் சிலர் இறக்குமதி செய்கிறார்கள், அதைத் தடுக்கவாம். அறிவியலாளர்கள் கூச்சல் போட்ட பிறகு ஆய்வகப் பயன்பாட்டுக்குப் பழைய விகிதம் திரும்பியது. அந்த வரியை எழுதிய மேசையில் ஆய்வகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒருவர்கூட இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி என்று 2023இல் அறிவித்தார்கள்; அதில் அரசு தருவது 14,000 கோடி, மீதி தனியாரிடமிருந்து வரும் என்று நம்பிக்கை. 2025 ஜூலையில் தனியார் துறை ஆராய்ச்சியை ஊக்குவிக்க 1 லட்சம் கோடி நிதிக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தனியார் ஆய்வகத்துக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2025 ஜூனில் ஒரு நல்ல மாற்றமும் வந்தது. ஆராய்ச்சிக்கான சிறப்புக் கருவிகளை அரசின் ‘ஜெம்’ தளத்துக்கு வெளியே வாங்கிக்கொள்ளவும், கூடுதல் தொகைக்குத் தாமே ஒப்புதல் தரவும் நிறுவன இயக்குநர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. துணைவேந்தர்களுக்கு! சென்னைப் பல்கலைக்கழகத்தில் அந்த நாற்காலி 2023 ஆகஸ்டிலேயே காலியாகி, ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறியில் அதன்பின் ஒருங்கிணைப்புக் குழுவே கையெழுத்துப் போட்டு வந்தது. அவசரமாக ஒரு நொதி வேண்டும் ஆய்வாளருக்குக் குழு கூடும் நாள் எப்போது என்று பார்ப்பதே வேலையானது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் தரமற்ற ஆராய்ச்சி மலிந்துவிட்டது, பதவி உயர்வுக்காகக் காசு கொடுத்துக் கட்டுரை வெளியிடுகிறார்கள், ஆய்வு மாணவரே வெளியில் ‘பிராஜெக்ட் சென்டரில்’ பணம் கட்டிச் சோதனை முடிவுகளை வாங்குகிறார், இந்த ஓட்டைப் பானையில் ஏன் ஊற்ற வேண்டும், ஐ.ஐ.டி.க்கும் ஐசருக்கும் கொடுத்தால் விளையுமே என்பார்கள். குற்றச்சாட்டில் பாதி உண்மை. பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்கள் இதைப் பார்த்தும் பாராமல் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தியாவில் உயர்கல்வி பெறும் மாணவர்களில் ஐந்தில் நான்கு பேர் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைவுக் கல்லூரிகளிலும்தான் படிக்கிறார்கள். மத்திய நிறுவனங்களின் ஆய்வகங்களில் சேரும் மாணவர்களில் எத்தனையோ பேர் தூத்துக்குடியிலும் சேலத்திலும் எம்.எஸ்ஸி. முடித்தவர்கள். அவர்கள் ஓடாத கருவியின் படத்தைக் கரும்பலகையில் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதா கொள்கை? கண்காணிப்பு கடுமையாக வேண்டும் என்பது சரி. பட்டினி போட்டுவிட்டுக் கண்காணிப்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்த நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு உயர்கல்வி மானியத்துக்குள் ‘ஆய்வக நடைமுறைச் செலவு’ என்று தனித்தலைப்பு தொடங்க வேண்டும். சம்பளத்துக்கோ ஓய்வூதியத்துக்கோ கட்டடத்துக்கோ அதைத் திருப்ப முடியாதபடி ஆணையிலேயே பூட்டுப் போட வேண்டும். பதிவுசெய்த ஆய்வு மாணவர் எண்ணிக்கைப்படி பிரித்தால் காகித மாணவர்கள் பெருகுவார்கள். கருவி ஓடிய மணிநேரப் பதிவேட்டை வைத்தும், வெளித்துறை மாணவர்களுக்கு அக்கருவி திறந்துவிடப்பட்டதா என்பதை வைத்தும் பிரிக்கலாம். ஓய்வூதியப் பொறுப்பை அரசே எடுத்துக்கொள்ள வேண்டும். கருவிக்குப் பணம் தரும் மத்திய அமைப்புகள் பத்தாண்டுப் பராமரிப்பையும் இயக்குநர் ஒருவரின் சம்பளத்தையும் கருவியின் விலையோடு சேர்த்தே ஒப்புதல் தர வேண்டும். அதனால் பத்துக் கருவிக்குப் பதில் ஆறுதான் வாங்க முடியும் என்றால் ஆறே போதும். மார்ச் 31க்குள் செலவழியாத பணம் திரும்பிப் போகும் என்ற அச்சத்தில் தேவையற்றதை வாங்கிக் குவிக்கும் வழக்கம் ஒழிய, நுகர்பொருள் நிதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல விட வேண்டும். நெட் உதவித்தொகை இல்லாத ஆய்வு மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் மாதம் 8,000 ரூபாயாவது உண்டு, மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்த உறுதிகூட இல்லை. அந்த வேறுபாட்டை மாநில அரசு இந்த ஆண்டே நீக்கலாம்.

முதல் வேலையாக, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் உயிரியல், வேதியியல் துறைகளில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எவை ஓடுகின்றன, எவை எப்போதிலிருந்து நின்றுகிடக்கின்றன, பழுது நீக்க எவ்வளவு ஆகும் என்ற பட்டியலை மூன்று மாதத்துக்குள் வெளியிட உயர்கல்வித் துறை உத்தரவிடட்டும். சட்டப்பேரவையில் உயர்கல்வி மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில் அந்தப் பட்டியல் உறுப்பினர்களின் மேசையில் இருக்க வேண்டும்.