டர்போ காரை ‘ட்யூன்’ பண்ணலாமா? பவர் நம்பருக்கு முன்னாடி டார்க்கைப் பாருங்க!

‘ஸ்டேஜ் 1 போட்டாச்சா ப்ரோ?’ டர்போ பெட்ரோல் கார் வாங்கியவர்களிடம் முதல் சர்வீஸ் முடிவதற்குள்ளேயே வந்துவிடும் கேள்வி இது. லேப்டாப்பை மாட்டி, ஈ.சி.யூ எனப்படும் இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றினால் போதும், 20 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி கிடைக்கும் என்கிறார்கள் ட்யூனர்கள். சக்தி கூடும் என்பது உண்மைதான். ஆனால், தினமும் ஆபீஸ் போய்வரும் காருக்கு அது தேவையா? தேவையில்லை என்பதே என் கருத்து.

பவர் வேற, டார்க் வேற

இன்ஜின் எவ்வளவு பலமாகத் திருப்புகிறது என்பது டார்க். அந்தத் திருப்பு விசையை எவ்வளவு வேகத்தில் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது பவர். ஓர் உதாரணம். டர்போ இல்லாத ஹோண்டா சிட்டி 1.5 லிட்டர் பெட்ரோலின் பவர் 121 பி.எஸ் (குதிரைத்திறனின் மெட்ரிக் அளவு). ஹூண்டாய் ஐ20 என் லைன் 1.0 லிட்டர் டர்போவின் பவர் 120 பி.எஸ். பேப்பரில் இரண்டும் ஒன்றுதான்.

டார்க்கைப் பாருங்கள். சிட்டி 145 நியூட்டன் மீட்டரைத் தருவது 4,300 ஆர்.பி.எம்-இல். ஐ20 என் லைன் 172 நியூட்டன் மீட்டரை 1,500 ஆர்.பி.எம்-இலேயே தந்துவிடும். கத்திப்பாரா பாலம் ஏறும்போதோ, பஸ்ஸை ஓவர்டேக் பண்ணும்போதோ நாம் பயன்படுத்துவது இந்த 1,500 முதல் 3,500 ஆர்.பி.எம் வரைதான். அதனால்தான் சின்ன இன்ஜினாக இருந்தாலும் டர்போ கார் ‘சுள்’ளென்று கிளம்புகிறது.

ஹூண்டாய் வெர்னா டர்போ (160 பி.எஸ்), ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜி.டி (150 பி.எஸ்) சண்டையும் இதே கதைதான். பத்து பி.எஸ் வித்தியாசத்துக்கு நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்கிறார்கள். டார்க்கில் வித்தியாசம் வெறும் மூன்று நியூட்டன் மீட்டர்: 253, 250. சிட்டி டிராஃபிக்கில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

ட்யூன் பண்ணினா என்ன நடக்குது?

வீணாகப் போகும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. ஸ்டேஜ் 1-இல் அந்த அழுத்தம் கூடும், பெட்ரோல் அளவும் தீப்பொறி விழும் நேரமும் மாறும். இதெல்லாம் கம்பெனிக்குத் தெரியாததல்ல. மே மாத வெயில், எந்த பங்க்கில் போட்டாலும் ஓட வேண்டிய கட்டாயம், தள்ளிப்போடும் சர்வீஸ், மாசு விதிகள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு கொஞ்சம் இடைவெளி விட்டு வைக்கிறார்கள். ட்யூனர் நமக்கு விற்பது அந்த இடைவெளியைத்தான்.

விர்ட்டஸ் ஜி.டி-யின் 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி கியர்பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ட்ரை கிளட்ச் கியர்பாக்ஸ் வடிவமைக்கப்பட்ட டார்க் வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான். கார் ஷோரூமிலிருந்து வரும்போதே அந்த எல்லையில் நிற்கிறது. அதன்மேல் 20 சதவீதம் ஏற்றினால் 300. கிளட்ச் உடனே போய்விடும் என்று சொல்லவில்லை. ஆனால் டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து ஏற்கெனவே சூடாகும் கிளட்ச் அது.

‘அதே இன்ஜினை வைத்து கம்பெனியே அதிக பவர் எடுக்குதே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபோக்ஸ்வேகனின் ஒரே 2.0 லிட்டர் டர்போ குடும்பம்தான் டிகுவான் ஆர் லைனில் 204 பி.எஸ், 320 நியூட்டன் மீட்டர். 2025-இல் இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ-யில் 265 பி.எஸ், 370 நியூட்டன் மீட்டர். ஆனால் ஜி.டி.ஐ-க்கு வெறும் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றவில்லை. இறுக்கமான சஸ்பென்ஷன், வளைவில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல் எனச் சேர்த்தே தருகிறார்கள், வாரன்டியோடு.

சட்டம் என்ன சொல்லுது?

தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. சாஃப்ட்வேர் மாற்றம் டிராஃபிக் போலீஸ் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் இன்ஜின் பழுதானால் சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கும், வாரன்டி கிடைக்காமல் போகலாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை மறுக்கலாம். ஐந்து வருட இ.எம்.ஐ ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு இது சின்ன ரிஸ்க் இல்லை.

அப்போ என்ன பண்ணலாம்?

டார்க் வேண்டுமென்றால் வாங்கும்போதே டார்க் அதிகமுள்ள மாடலை வாங்குங்கள். டெஸ்ட் டிரைவில் கியரை மாற்றாமல், மூன்றாவது கியரில் 30 கி.மீ வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். ப்ரோஷர் சொல்லாததை அது சொல்லிவிடும். ட்யூனிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர் போட்டால், மழையில் பிரேக் அடிக்கும்போது அந்தச் செலவு கைகொடுக்கும். வேகம்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் ரேஸ் டிராக் இருக்கிறது. ட்ராக் டே நடக்கும் நாளில், ஹெல்மெட்டோடு அங்கே போய் அடித்து ஓட்டுங்கள்.