மூன்று வரியும் ஒரு படமும்

ஜப்பான் நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கவிதை எழுதுகிறவரே பக்கத்தில் படமும் வரைவார். கவிதைக்கும் படத்துக்கும் அதே தூரிகை. அதே கறுப்பு மை. கவிதை மிகச் சிறியது. அதன் பெயர் 'ஹைக்கூ'. படத்துடன் சேர்ந்தால் 'ஹைகா'.

யோசா பூசோன் (1716–1784) இதில் பேர்பெற்றவர். அவர் கவிஞர், ஓவியரும் கூட. தமக்கு முன் வாழ்ந்த பாஷோ என்ற கவிஞரின் பயண நூலைத் தம் கையாலேயே எழுதி, படங்களும் தீட்டினார்.

இந்தச் சின்னஞ்சிறு கவிதையைப் பற்றித் தமிழருக்கு எடுத்துச் சொன்னவர் பாரதியார். 1916-ம் ஆண்டில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

எழுத்தும் படமும் கைகோப்பது நமக்குப் புதிதா? இல்லை. தேர் போலக் கட்டம் போட்டு, பாட்டின் எழுத்துக்களை அதில் அடைப்பது 'இரத பந்தம்'. பாம்பு வடிவில் அடைப்பது 'நாக பந்தம்'. நம் புலவர்களின் கைவண்ணம் இவை.

இன்று நிலைமை என்ன? கடைப் பலகைகளில் அழகாக எழுத்து வரைந்தவர்களின் இடத்தை அச்சடித்த பேனர்கள் பிடித்துக்கொண்டன. கடிதம் எழுதுவதும் குறைந்துவிட்டது. பிள்ளைகள் பரீட்சைக்காக மட்டுமே பேனாவைப் பிடிக்கிறார்கள். இப்படியே போனால், கையெழுத்து என்பது கையொப்பம் போடும் அளவிலேயே நின்றுவிடும்!

இதற்கு வழி உண்டு. செலவும் அதிகமில்லை. ஒரு புட்டி மை, ஒரு தூரிகை, சில காகிதங்கள் போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை ஆடிப்பூரத் தேரைப் பார்க்கட்டும். ராஜபாளையத்துப் பிள்ளை சஞ்சீவி மலையைப் பார்க்கட்டும். கண்டதை மூன்று வரியில் எழுதட்டும். பக்கத்தில் நாலு கோடு இழுத்துப் படம் போடட்டும்.

புதிதாக எழுத்துக் கற்ற பாட்டியும் உடன் உட்காரலாம். கோலம் போட்டுப் பழகிய விரல்களுக்குத் தூரிகை பாரமா?

ராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா தம் வீட்டையே கலைக்காகக் கொடுத்தார். அதுவே காந்தி கலை மன்றம் ஆயிற்று. அப்படிப்பட்ட ஊரில், பிள்ளைகளின் ஏடுகளைப் பள்ளிச் சுவரில் ஒட்டி வைக்க ஓர் இடம் கிடைக்காதா?

"இதனால் மார்க் வருமா?" என்று சில பெற்றோர்கள் கேட்கலாம். கூர்ந்து பார்க்கக் கண் பழகும். அளந்து பேச நாக்கு பழகும். நிதானமாக எழுதக் கை பழகும். இந்த மூன்றும் வந்துவிட்டால், மார்க் தானே பின்னால் வரும்.

இன்றே தொடங்கலாமே!