பதினேழாம் நாள்

மரணம் நிகழ்ந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாசற்பந்தலைப் பிரித்து, வாடகைக்கு எடுத்த பெஞ்சுகளும் அண்டாக்களும் வண்டியேறி, வெளியூர் உறவினர்கள் சாவு வீட்டு மரபுப்படி சொல்லிக்கொள்ளாமலே ஒவ்வொருவராகப் படியிறங்கிச் சென்ற பிறகு, மறுநாட் காலையில் அந்த வீட்டில் கவியும் நிசப்தத்தைக் கேட்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. முந்தின நாள் வரையில் துக்கம் ஊருக்குப் பொதுவாய் இருந்தது. அழுவதற்கும், சோறு பொங்குவதற்கும், கணக்குப் பார்ப்பதற்கும் ஆள் இருந்தது. பதினேழாம் நாள் அது ஒருவருக்கே உரியதாகிறது. சிலருக்குப் பதின்மூன்று, சிலருக்குப் பதினாறு என்று நாட்கணக்கு மாறலாம். காரியம் முடிந்த மறுநாள் விடியும் வெறுமை மாறுவதில்லை. அந்த முதல் நாட்களை எத்துணை விவேகத்தோடு நம் முன்னோர் வகுத்தார்களோ, அத்துணை அலட்சியத்தோடு அவற்றுக்குப் பின்வரும் நாட்களை நாம் கைவிட்டுவிட்டோம் என்பதே என் கருத்து.

முன்னோரின் விவேகத்தை முதலில் கவனிப்போம். இன்று நாம் 'ஆறுதல் சொல்லுதல்' என்று பேசுகிறோம். ஆனால் நாட்டுப்புறத்து வழக்கில் ஒருவர் இழவு வீட்டுக்குப் போவது எதையும் சொல்வதற்காக அன்று. அவர் துக்கம் விசாரிக்கப் போகிறார். மதுரைப் பக்கத்தில் கேதம் கேட்கப் போகிறார். நெல்லைப் பக்கத்தில் துட்டி கேட்கப் போகிறார். கேட்டல் என்னும் சொல்லுக்கு வினவுதல், செவிமடுத்தல் என்னும் இரண்டு பொருளும் உண்டாதலால், வந்தவர் செய்ய வேண்டியது என்ன என்பதை அந்தச் சொல்லே கற்பித்துவிடுகிறது. "போன வாரம் சந்தையில் பார்த்தேனே, நன்றாகத்தானே இருந்தார், என்னதான் செய்தது?" என்று வந்தவர் கேட்க, விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து தொடங்கி, வண்டி வர நேரமானது, வழியிலேயே கை சில்லிட்டது என்று கணவனை இழந்த அம்மாள் முதலிலிருந்து சொல்கிறாள். அடுத்து வருபவரிடமும் அதையே சொல்கிறாள். நாற்பது பேரிடம் நாற்பது முறை சொல்லும்போது, முதல் முறை வாய்க்குள் அடங்காமல் சிதறிய சம்பவம் மெல்ல மெல்லத் தொடக்கமும் முடிவும் உடைய ஒரு கதையாகிறது. கதையாகும்போதுதான் அது மனம் தூக்கிச் சுமக்கக்கூடிய வடிவத்தை அடைகிறது.

மேனாட்டு மனநூல் இந்த உண்மையை வேறு வழியில் வந்து கண்டது. துக்கம் என்பது மனம் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை என்னும் கருத்தை சிக்மண்ட் பிராய்ட் 1917-இல் வெளியான தம் கட்டுரை ஒன்றில் விளக்கினார். 1942 நவம்பர் மாதம் பாஸ்டன் நகரத்துக் கோகோநட் குரோவ் இரவு விடுதியில் நேர்ந்த தீவிபத்தில் 492 பேர் மாண்டபோது, உயிர் தப்பியவர்களையும் உறவினரை இழந்தவர்களையும் கூர்ந்து கவனித்த எரிக் லிண்டமன் என்னும் மருத்துவர், 1944-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். துயரத்தை அடக்கிவைத்தவர்கள் பின்னர் உடலாலும் மனத்தாலும் நலிந்ததையும், அதை வெளிப்படுத்தி, இறந்தவர் இல்லாத உலகத்தோடு பொருந்தப் பழகிக்கொண்டவர்கள் மீண்டதையும் அவர் எடுத்துக் காட்டினார். ஒப்பாரி வைக்கும் கிழவிக்கு இந்த ஆராய்ச்சி தெரியாது. ஆனால் அழாமல் விறைத்து உட்கார்ந்திருக்கும் இளம்பெண்ணைக் கட்டிக்கொண்டு அழவைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

நம் சம்பிரதாயங்களின் சமயப் பொருளை ஒருபுறம் வைத்துவிட்டு, அவற்றை ஒரு வேலைப் பங்கீடாக மட்டும் பார்த்தாலும் அவற்றின் நுட்பம் விளங்கும். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே அக்கம்பக்கத்தாரும் சம்பந்தி வீட்டாரும் சோறு கொண்டுவந்தாக வேண்டும். முத்தா போரில் ஜஅஃபர் உயிர் நீத்த செய்தி வந்தபோது அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்து அனுப்புமாறு நபிகள் நாயகம் பணித்ததாக இஸ்லாமிய மரபும் கூறுவதிலிருந்து, பசியறியாத துக்கத்துக்கும் பிறர் கையால் உணவு வர வேண்டும் என்பது மனிதகுலத்தின் பொது ஞானம் என்று அறிகிறோம். எரித்த இடத்தில் மறுநாள் பால் தெளித்துச் சாம்பலைக் குளிர்விப்பதற்குக் காடாற்று என்று பெயர். சூடான பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, சுடுகாடும் ஆற்றப்படுகிறது. மனத்துக்குக் கிடைக்கும் ஆறுதலும் அதே சொல்தான். ஆறுவதற்குக் காலம் வேண்டும்; பக்கத்தில் இருந்து ஆற்றுவதற்கு ஆளும் வேண்டும். கருமாதியன்று தாய்மாமன் வீட்டார் மகனுக்கு உருமால் கட்டுவது, இனி இந்த வீட்டுப் பொறுப்பு உன்னுடையது என்பதை ஊரறியச் சொல்லும் செயல். பல ஊர்களில் அன்று எழுதப்படும் மொய், வட்டியில்லாமல் ஊர் கொடுக்கும் கடன். தானம் என்ற பெயர் அதற்கு இல்லாமையால், வாங்குபவர் தலைகுனிய வேண்டியதும் இல்லை.

ஆயின், இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பதினாறோடு நின்றுபோகிறது. துயரமோ அப்போதுதான் தன் முழு உருவத்தைக் காட்டத் தொடங்குகிறது. நீடித்த துக்கத்தை ஒரு மனநோயாகக் கொள்வதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு குறைந்தது 6 மாதங்களையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட கையேடு வயதுவந்தோர்க்கு 12 மாதங்களையும் எல்லையாக வைத்திருக்கின்றன. அதாவது, அத்தனை மாதங்கள் ஒருவர் உருகிக் கிடப்பது இயல்பே என்பதை மருத்துவமே ஒப்புக்கொள்கிறது. "இன்னுமா அழுதுகொண்டிருக்கிறாய்?" என்று மூன்றாம் மாதத்தில் கேட்கும் நாம்தான் அதை ஒப்புக்கொள்வதில்லை.

துயரம் மனத்துக்குள் மட்டும் நடப்பதும் அன்று. மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிய விதி. அதற்குப் பின் வாரிசுச் சான்றிதழுக்கு மனுச் செய்து, கிராம நிர்வாக அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் பார்த்து, தாசில்தார் கையெழுத்துக்குக் காத்திருந்து, பட்டாவில் பெயர் மாற்றி, வங்கிக் கணக்கை முடித்து, குடும்ப அட்டையிலிருந்து ஒரு பெயரை நீக்கி, மின் இணைப்பை மாற்றி என்று நீளும் அலைச்சலில், ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் "இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?" என்ற கேள்விக்கு அந்த அம்மாள் பதில் சொல்லியாக வேண்டும். இறப்புச் சான்றிதழின் நகலை எத்தனை முறை எடுத்தாலும், எடுக்கும்போதெல்லாம் அவர் இன்னொரு முறை இறக்கிறார். மனைவியை இழந்த முதியவரின் நிலை வேறு விதமானது: நாற்பது ஆண்டுகள் குடியிருந்த வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியாது என்று மருமகளிடம் சொல்லவும் கூச்சம். வாய்க்கரிசி போட வந்த நூறு பேரில் ஒருவர் தாலுகா அலுவலகத்துக்கு உடன்வந்திருந்தால், ஒருவர் மாலை நேரத்தில் வந்து காப்பி போடக் கற்றுக்கொடுத்திருந்தால், அது அந்த வாய்க்கரிசிக்குக் குறைந்த புண்ணியமாகுமா?

'பழைய கிராமத்தில் எல்லாம் சரியாக இருந்தது; நகரமும் கைபேசியும் வந்து கெடுத்துவிட்டன' என்று இவ்விடத்தில் முடித்துவிடுவது சுலபம். அது முழு உண்மை அன்று. நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேண்டும் என்று சொன்ன ஊரில், அந்த நாலு பேர் யார் என்பதைச் சாதி தீர்மானித்தது. பறையடித்தும் குழி வெட்டியும் வெட்டியான் வேலை பார்த்தும் மரண வீட்டின் மிகக் கடினமான பாரத்தைச் சுமந்தவர்கள் அந்த வீட்டுப் பந்தியில் உட்கார முடியாதிருந்தது. பல ஊர்களில் சுடுகாடும் அதற்குப் போகும் பாதையும்கூடத் தனித்தனியே இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆகவே, பழைய ஏற்பாட்டை அப்படியே மீட்டெடுப்பதில் பயனில்லை. அதன் வேலைப் பங்கீட்டை வைத்துக்கொண்டு அதன் வேலியைப் பிடுங்க வேண்டும்.

அந்த வேலியின் கொடிய முள் கைம்பெண்ணின் மீதே பாய்ந்தது. பதினாறு நாட்கள் மடியில் சாய்த்துக்கொண்டு அழுத அதே பெண்கள்தான், பொட்டையும் பூவையும் வளையலையும் களைந்து, மறுமாதம் நடக்கும் வளைகாப்பில் அவளைப் பின்கட்டில் உட்காரவைத்தார்கள். மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள ஹேர்வாட் கிராமத்துப் பஞ்சாயத்து, வளையல் உடைப்பது முதலான இத்தகைய வழக்கங்களைத் தடைசெய்து 2022 மே மாதம் தீர்மானம் நிறைவேற்ற, மற்ற ஊராட்சிகளும் அதைப் பின்பற்றுமாறு அம்மாநில அரசு கேட்டுக்கொண்டது. மனிதாபிமானம் மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. லௌகிக விவேகமும் இதையே சொல்கிறது. 1960-களில் பாஸ்டன் நகரில் பிலிஸ் சில்வர்மன் என்னும் ஆய்வாளர் நடத்திய ஒரு திட்டத்தில், புதிதாகக் கணவனை இழந்த பெண்களின் வீட்டுக்கு மருத்துவரோ பாதிரியாரோ அனுப்பப்படவில்லை. முன்னமே அந்த இழப்பைக் கடந்துவந்த பெண்களே அனுப்பப்பட்டார்கள். எந்த மாதம் உறக்கம் திரும்பும், எந்தப் பண்டிகை மிகவும் வலிக்கும், எந்த உறவினர் சொத்தைப் பற்றிப் பேச்செடுப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அபசகுனம் என்று நாம் ஒதுக்கிவைத்தவர்கள் அறிவில் நம்மைவிட மூத்தவர்கள்.

இதையெல்லாம் தனி மனிதரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் ஓர் ஏற்பாடாகச் செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கு, அண்டை மாநிலமான கேரளம் விடை கூறுகிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், பின்னர் மலப்புறம் முதலிய இடங்களில் அக்கம்பக்கத்தார் வலையமைப்பாக விரிந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய சாதாரண மக்களுக்குப் பயிற்சி தந்து, தீராநோயில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு அவர்களை அனுப்பியது. 2008-இல் மாநில அரசே அதனைத் தன் கொள்கையாக்கிக்கொண்டது. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் ஸ்நேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தொண்டர்களும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு, உறவுகளை இழந்த கரையோர மக்களைத் தேடிப் போய்ச் செவிசாய்த்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்ட அந்த நாளில், தெருவே சாவு வீடாகிவிட்டதால் சோறு கொண்டுவரப் பக்கத்து வீடு என்று ஒன்று இல்லை. உறவும் அண்டையும் ஒருங்கே அற்றுப்போகும்போது, முன்பின் அறியாதவரே உறவாக வேண்டியிருக்கிறது; அதற்குப் பயிற்சியும் ஒழுங்கும் தேவைப்படுகின்றன.

அரசும் முதலாளிகளும் செய்ய வேண்டியதும் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தையை இழந்த பெற்றோர்க்கு இரண்டு வார விடுப்பைப் பிரிட்டன் 2020 ஏப்ரல் முதல் சட்ட உரிமையாக்கியிருக்கிறது. நம் நாட்டில் தனியார் ஊழியர்க்குத் துக்க விடுப்பைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் இல்லாமையால், தாய்க்குக் கொள்ளி வைத்துவிட்டு மூன்றாம் நாள் இயந்திரத்தின் முன் நிற்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மரணப் பதிவு ஒன்றைக் கொண்டே மற்ற அலுவலகங்கள் தாமாகப் பெயர் மாற்றம் செய்யும் ஏற்பாடு வருமாயின், அதுவும் ஒருவகைத் துக்க விசாரிப்பே ஆகும்.

எனினும் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது. பாரி மாண்டபோது அவனுக்காகக் கையறுநிலை பாடிய கபிலர், பாடியதோடு தம் கடமை தீர்ந்தது என்று நினைக்கவில்லை, நண்பனின் பெண்மக்களை அழைத்துக்கொண்டு, மணம் பேசி, விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றார், மறுக்கப்பட்டார், மறுத்த பிறகும் அப்பெண்களுக்கு ஒரு பாதுகாப்புத் தேடினார். நாம் போற்றிவரும் கபிலர் பறம்பு மலையைப் பார்த்து அழுத கபிலர்; வாசல் வாசலாக ஏறியிறங்கி அவமானப்பட்ட கபிலரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பதினேழாம் நாளின் ஆறுதலுக்கு அந்த இரண்டாம் கபிலரே உதாரணம்.

அந்த மரபின் துளிகள் இன்னும் முற்றிலும் வற்றிவிடவில்லை. துக்கம் நடந்த ஆண்டில் பண்டிகை கொண்டாடாத வீட்டுக்குத் தீபாவளியன்று அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுத்தனுப்புவது இன்றும் உண்டு. அந்தத் தட்டு, மாதங்கள் கழிந்த பிறகும் 'உங்கள் இழப்பு எங்கள் நினைவில் இருக்கிறது' என்று சொல்கிறது. அதை ஒரு நாளோடு நிறுத்தாமல், முதல் மாதம், முதல் பொங்கல், இறந்தவரின் பிறந்தநாள், தலைத்திவசம் என்று ஓராண்டுக்கு நீட்டிக்கொண்டால் போதும். ஆனால் ஆண்டு முழுவதும் பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக்குள் துக்கத்தின்போது மட்டும் புகுந்து துணை நிற்பது எவராலும் ஆகாத காரியம். கறிவேப்பிலைக் கொத்து கேட்டும், பிள்ளையின் காய்ச்சலை விசாரித்தும், சம்பள உயர்வுக்கு மகிழ்ந்தும், கடன்காரன் வந்துபோன மாலையில் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தும் பழகியவருக்கே, சாவு நடந்த வீட்டின் கதவைத் தட்டாமல் திறக்கும் உரிமை உண்டாகிறது.

கல்யாணத்துக்கு அழைத்தால்தான் போக வேண்டும், சாவுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்று நம் பெரியவர்கள் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். பதினேழாம் நாளுக்கும் அந்த நியாயமே பொருந்தும். அன்றைக்கு அழைப்பு அனுப்ப அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இருக்காது. பந்தல் இல்லாததால் அது சாவு வீடு என்று தெருவில் போகிறவர்க்கும் தெரியாது. தெரிந்தவர்தான் வாரிசுச் சான்றிதழ் மனுவை எடுத்துக்கொண்டு, "கிளம்புங்கள் அக்கா, பத்து மணிக்குள் போனால் கூட்டம் குறைவாக இருக்கும்" என்று படியேற வேண்டும்.