மேடையை அறுக்கும் முன்

நம் விருத்தாசலத்திலும் இப்போது புது வீடு என்றால் மாடுலர் கிச்சன், மேடைக்குள் பதித்த ஹாப் அடுப்பு என்றாகிவிட்டது. புதிதாகக் கட்டுகிறவர்கள் திட்டமிட்டுச் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இருபது வருஷம் உழைத்த பழைய கிரானைட் மேடையை, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று அறுக்கப் புறப்படும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

1965-ல் கல்கத்தாவில் இண்டேன் கேஸ் வந்தபோது அது பணக்கார வீட்டுச் சமாச்சாரம். 2006-ல் அமைந்த கலைஞர் ஆட்சியில் இலவச எரிவாயு அடுப்பு ஏழை வீடுகளுக்கும் வந்தது. குடிசையோ ஒண்டுக் குடித்தனமோ, எங்கும் அந்த அடுப்பு பொருந்தியது. தூக்கி வைத்தால் அடுப்பு, எடுத்துவிட்டால் வெறும் மேடை. ரிப்பேர் என்றால் கடைக்குக் கொண்டுபோய்விடலாம். பதித்த அடுப்பை அப்படிக் கொண்டுபோக முடியாது. கம்பெனி ஆள் வெளியூரிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மாடல் நின்றுபோனால், அறுத்த ஓட்டைக்குப் பொருந்தும் அடுப்பைத் தேடி அலைய வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறு.

ஹாப்பில் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு நன்மை உண்டு. ஒன்று உயரம். சாதாரண அடுப்பு மேடைக்கு மேல் நாலைந்து அங்குலம் நிற்கும். பதித்தால் அது குறையும், குள்ளமான பெண்களுக்குத் தோள்வலி மிச்சம். இரண்டாவது இன்னும் முக்கியம். பால் பொங்கி நெருப்பு அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் கருவி பல ஹாப்களில் இருக்கிறது. மறதி கூடும் வயதில் இது உயிர் காக்கும். ஆனால் தனி அடுப்பிலும் அந்தக் கருவி உள்ள மாடல்கள் உண்டு. கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

மேடைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான் எனக்குக் கவலை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அழகுக்காகச் சிலிண்டரை அலமாரிக்குள் வைத்து மூடினால் அது வெளியேற வழியில்லை. டியூபை எலி கடித்தாலும் தெரியாது. கதவின் அடியில் காற்றுத் துளை வேண்டும். டியூப் பார்வையில் படும்படி இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதாக வாங்கி, ஐந்து வருஷத்துக்கொருமுறை மாற்ற வேண்டும்.

மேலே இருப்பது கண்ணாடி. சூடேறிய பாண்டத்தில் சில்லென்று தண்ணீர் பட்டால் என்னாகும் என்று பீங்கான் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கெட்டிப்படுத்திய கண்ணாடிதான் என்றாலும், பொங்கல் பானையை 'டங்'கென்று இறக்கும் வீட்டுக்கு எஃகுத் தகடே மேல்.

பிள்ளைகள் விடமாட்டேன் என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. கால் பொருத்தி மேடைமேலும் வைக்கலாம், பிறகு பதிக்கவும் செய்யலாம் என்ற வகை அடுப்புகள் கடையில் கிடைக்கின்றன. அதை வாங்கி ஆறு மாதம் மேலே வைத்தே சமைத்துப் பாருங்கள். அப்புறமும் ஆசை குறையாவிட்டால் கல் அறுப்பவரைக் கூப்பிடலாம். அறுத்த கல் ஒட்டாது.

எந்த அடுப்பானாலும் கேஸ் கசிவு புகாருக்கு 1906 என்ற எண்ணைச் சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் போன் செய்யுங்கள்.