ஊக்கம் வேலி தாண்டுமா?

“ஒரு நட்சத்திரம் ஜெயித்தால் ஆயிரம் பிள்ளைகள் உருவாவார்கள்.” இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பாராட்டு விழா மேடையில் சொல்கிறார்கள், தொலைக்காட்சியில் சொல்கிறார்கள், நாமும் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறோம். சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணம்.

இந்த வசனம் எவ்வளவு பொய் என்பதைக் கோல்ஃப் ஆட்டத்தை வைத்தே காட்டலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக்காரனுக்குக் கோல்ஃப் எதற்கு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஓய்வு பெற்ற பிறகு தொலைக்காட்சியில் பார்த்துப் பிடித்துப்போன ஆட்டம் அது. மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் ஆட்டக்காரர்களின் கதைகளைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

2021 ஆகஸ்ட் 7 நினைவிருக்கிறதா? டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் ஒரே ஒரு அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். அப்போது உலகத் தரவரிசையில் அவருக்கு 200ஆவது இடம். அன்று விடியற்காலையில் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூடத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்கள். இனி வீட்டுக்கு வீடு கோல்ஃப் என்று பேசினார்கள். நம் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் மட்டை பிடித்தார்கள்? பிடிக்க எங்கே போவார்கள்?

அதிதி எப்படித் தொடங்கினார் தெரியுமா? ஐந்து வயதில் பெற்றோருடன் சிற்றுண்டி சாப்பிடப் போன இடத்திலிருந்து கோல்ஃப் மைதானம் கண்ணில் பட்டது. அது என்ன என்று கேட்டு உள்ளே போனார்கள். எந்த வீராங்கனையின் படமும் அவரைக் கூப்பிடவில்லை. மைதானம்தான் கூப்பிட்டது.

எனக்குப் பிடித்த மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே இனம்: கேடிகள். நம் ஊரில் கேடி என்றால் காவல் நிலையப் பட்டியலில் இருப்பவன். கோல்ஃபில் கேடி என்றால் ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அர்னோ மாஸி மீது தனிப் பிரியம். பியாரிட்ஸ் ஊரில் மத்தி மீன் படகில் வேலை பார்த்தவர், வெள்ளைக்காரர்களின் பை தூக்கியவர். 1907இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர்தான். ஸ்பெயினின் பாயெஸ்தெரோஸும் பை தூக்கிய பையன்தான். மைதானத்தில் ஆட அனுமதியில்லாததால் கடற்கரை மணலில் ஒற்றை மட்டையை வைத்துக்கொண்டு பழகினார். 1979இல் பிரிட்டிஷ் ஓப்பன் அவர் கைக்கு வந்தது.

நம் நாட்டிலும் அதே கதைதான். டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கிய அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். 1993இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் வென்றார். அலி ஷேரைப் பார்த்து ஊக்கம் பெற்றவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் யார்? அதே வேலிக்குள் பை தூக்கிக்கொண்டிருந்த பையன்கள். ஊக்கம் வேலிக்குள்ளேயே சுற்றி வந்தது. வேலிக்கு வெளியே நின்றவனுக்கு அது செய்தித்தாளில் ஒரு படம், அவ்வளவுதான்.

“அது பணக்காரன் ஆட்டம், அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். இதுவும் தவறு. கோல்ஃபின் தாய்வீடு ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்குள்ள பழைய மைதானம் எந்தத் தனியார் சங்கத்துக்கும் சொந்தமில்லை, பொதுச்சொத்து. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் நாய்க்குட்டியோடு அந்தப் புல்லில் உலாவுகிறார்கள். நம் நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரன் அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு, வேலியையும் உறுப்பினர் சீட்டையும் கொண்டுவந்தான். அவன் போய்ச் சேர்ந்த பிறகும் ஊட்டி, கொடைக்கானல் மைதானங்களில் நாம் அதையே கட்டிக் காக்கிறோம்.

இதைச் சொன்னால், கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கோல்ஃப் மைதானம் கேட்கிறான் கிழவன் என்று கிளப்பிவிடாதீர்கள். நூறு ஏக்கருக்கு மேல் நிலமும் அதற்குத் தண்ணீரும் கேட்கிற ஆட்டம் நம் மண்ணுக்கு வேண்டாம். கோல்ஃப் மைதானம் போலப் பச்சைப் புல் நம் ஊரில் இருப்பது பெரிய கோயில் வளாகத்தில் மட்டும்தான். அங்கே பந்து உருளக்கூடாது என்பதும் சரியே. நான் கேட்பது வேறு.

நம் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வத்தைப் பாருங்கள். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய ஹாக்கி அணியில் இறங்கினார். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். அவரை உருவாக்கியது எது? கோவில்பட்டியில் அரசின் விளையாட்டு விடுதி, அங்கே திடல், பயிற்சியாளர், சாப்பாடு. இப்போது அவரைக் காட்டி நம் பிள்ளைகளிடம் “கார்த்தி மாதிரி வா” என்கிறோம். அந்தப் பிள்ளை மட்டையோடு எங்கே போவான்? நம் பக்கத்துப் பள்ளித் திடல்கள் பலவற்றில் மாலையானால் கதவுக்குப் பூட்டு. சனி, ஞாயிறும் பூட்டு. மிச்சமிருக்கும் புறம்போக்கில் சீமைக்கருவேலம். தெருவில் ஆடினால், பந்து திண்ணையில் விழுந்ததென்று விரட்டுகிற முதல் ஆள் நம்மைப் போன்ற பென்ஷன்காரன்.

பூட்டுக்குக் காரணம் கேட்டால் ஜன்னல் உடையும், குடிகாரர்கள் நுழைவார்கள் என்பார்கள். நியாயமான பயம்தான். அதற்கு ஒரு காவலாளும் ஒரு பதிவேடும் போதும். அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்குத் தெரியும்: பூட்டி வைத்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், திறந்து வைத்தால்தான் பதில் சொல்லவேண்டும். அதனால்தான் பூட்டு தொங்குகிறது.

ஆகவே நண்பர்களே, வீரர்களைப் பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிராம சபைக்குப் போய் ஒரே ஒரு தீர்மானம் கேளுங்கள்: மாலை நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் பள்ளித் திடலைத் திறந்து விட வேண்டும். காவலுக்கு ஆள் இல்லை என்றால், வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நாம் முறை வைத்து நாற்காலி போட்டு உட்காரலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.